புள்ளி வைக்காதவர்

பகலில் பாயான் லெப்பாஸில்
சிலிக்கான் தகடுகளில் புள்ளி தேடுவது என் வேலை.
ஒரு தூசு, ஒரு கீறல்,
கடுகை நூறாகக் கீறியதில் ஒரு பங்கு
கண்ணில் பட்டால் போதும், தகடு கழிந்தது.

இரவில், ஜெலுத்தோங் பிளாட்டின் பதினோராம் மாடியில்,
புள்ளி வைக்கிறேன்.

கிட்டங்கித் தெருவில் எப்போதோ இருந்த ஒரு கடையின் பேரேடு.
படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பூச்சி தின்றது போக மிச்சத்தை
எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்ற வேண்டும்,
எவராவது தம் ஆளைத் தேடி வந்தால் கிடைக்கும்படி.
சம்பளம் கிடையாது. தூக்கமும் எனக்குக் கிடையாது.

எழுதிய கணக்கப்பிள்ளையின் பேர் எங்கும் இல்லை.
முத்து முத்தான எழுத்து என்று பொய் சொல்ல மாட்டேன்.
அவசரக்காரர். மூக்குப்பொடிக்காரர்:
நாற்பதாம் பக்கத்தில் பழுப்பாக ஒரு பெருவிரல்.
புள்ளி என்பதே அவர் கைக்கு வராது.
எகரமும் ஏகாரமும் ஒன்று, காலும் ரகரமும் ஒன்று.
'பரககு மூடடை' என்று இரண்டு நாள் விழித்தேன்.
பாக்கு.
பாக்கின் பேர் வைத்த தீவில் உட்கார்ந்துகொண்டு
பாக்கு தெரியவில்லை எனக்கு.

பிறகு பழகிவிட்டது.
அரைக்கால், மாகாணி,
காசென்று சொல்லிக்கொள்ள வெட்கப்படும் முந்திரி வரைக்கும்.

நூற்று முப்பத்தாறில் நின்றுவிட்டேன்.

        சடையன செததான வெளளி ௩

செத்தான் என்றால் செலவு:
துணி, விறகு, தூக்க நாலு ஆள்.
சேத்தான் என்றால் வரவு:
மூட்டை சுமந்த கூலியில் மூன்று வெள்ளி
கடையில் போட்டு வைத்திருக்கிறான்.
வரவா பற்றா என்று சொல்லக்கூடிய ஓரத்தைத்தான்
பூச்சி தின்றிருக்கிறது.

மைமூன் சரிபார்க்கிறவள். பட்டர்வொர்த்.
நேரில் பார்த்ததில்லை.
பகலில் இன்ஷூரன்ஸில் மரணக் கோரிக்கை படிக்கிறாளாம்.
"செத்தான்னு போடு. மேல் வரியில கற்பூரம் வாங்கியிருக்காங்க."
"கற்பூரம் கடைப் பூசைக்கும் வாங்குவாங்க."
"கீழே மூணு நாள் அவன் பேரே இல்ல."
"காய்ச்சலா இருக்கும்."
"உனக்கு அவன் என்ன வேணும்?"
ஏதோ தட்டினேன், அழித்தேன்.

நூற்று நாற்பத்தொன்றில் 'சடைய' என்று ஒரு பேர்,
அதற்கு மேல் ஓட்டை.
சடையனா, சடையப்பனா?
ஓட்டை வழியே தெரிகிறது
அடுத்த ஏட்டின் உப்புக் கணக்கு.

கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகமே வந்திருக்காது.
சடையன் பாய் அன்றிரவு விரிந்ததா சுருண்டதா என்று
கிட்டங்கியில் எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தவர்களுக்கு எழுதுகையில்
புள்ளி எதற்கு?

வைக்காமல் ஏற்றினால்
தேடுகிற எவருக்கும் அகப்பட மாட்டான்.
வைத்தால்
நூற்றுச் சொச்சம் வருசம் கழித்து
நான் கொன்றதாகும், அல்லது பிழைக்க வைத்ததாகும்.
மணி நாலு. ஐந்தேகாலுக்கு ஃபேக்டரி பஸ்.

வரியை அப்படியே விட்டேன்.
அடிக்குறிப்பில் இரண்டையும் போட்டேன்,
சேத்தானை முதலில்.
பேரில் மட்டும் கை வைத்தேன்,
கடைசி எழுத்தின் தலையில் ஒன்று:

சடையன்.