சிம்பல் விழுந்த இடம்

ஏரிமேல் ஒரு மரப்பெட்டி.
அதற்குள் நாங்கள் நான்கு பேர்,
காலடியில் இரண்டடிப் பனிக்கட்டி,
நடுவே தட்டு அகலத்துக்கு ஒரு துளை.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
மீன் பிடிக்கத்தான் போகிறோம் என்றால்
டுலூத்தில் எவரும் நம்புவதில்லை.

டெல்பர்ட் கேசட்டைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குகிறான்.
குளிரில் நாடா இழுத்தால்
கோரினின் குரல் வெண்டலின் குரலாகிவிடும்.
வெண்டலின் குரலோ, ஓர்வின் சொல்வதுபோல்,
நனைந்த நாயை வேனில் ஏற்றும் சத்தம்.
கிதார் வாசிக்கட்டும், போதும்.

'உப்பு லாரி' என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள்.
சாலையில் உப்புத் தூவிப்போகும் லாரியின்
பின்னாலேயே இரவு முழுக்க ஊர்ந்து வந்து
முதல் கச்சேரிக்கு நேரத்தில் சேர்ந்தார்களாம்.
சேரவில்லை என்கிறாள் மார்லிஸ்.
அன்று டிக்கெட் கிழித்தவள் அவள்,
பதினோரு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவள்.

மூன்று ஆல்பம். ஒரு விவாகரத்து.
பேஸ் வாசித்தவன் பாதியில்
பல் மருத்துவம் படிக்கப் போய்விட்டான்.
ஓர்வின் அதை இன்னும் மன்னிக்கவில்லை,
கடைவாய்ப் பல்லை மட்டும் அவனிடம்தான் காட்டுகிறான்.

எல்லாம் பேசித் தீர்ந்தபின், வழக்கம்போல்,
இரண்டாவது ஆல்பம், ஐந்தாவது பாட்டு.
தூக்குப்பாலம் மேலே போய்விட்டது.
இரும்புத்தாதுக் கப்பல் நிதானமாய் நுழைகிறது.
கரைக்கு ஒருவராய் இருவர் நிற்கிறார்கள்.
கோரின் பாடுகிறாள்:
பாலம் இறங்கும்வரை என்னுடைய
(அங்கே விழுகிறது சிம்பல்)
நீ வைத்துக்கொள்.

என்னுடைய என்ன?

"சாவி" என்கிறான் டெல்பர்ட்.
அக்கரையில் நிற்கிறவனிடம் சாவியை எப்படிக் கொடுப்பாள்,
கப்பலுக்கு மேலாக எறிவாளா?
"கோபம்" என்கிறான் ஓர்வின்.
அவள் வெண்டலைப் பிரிந்த மாதம் எழுதியது,
தேதி முதற்கொண்டு வைத்திருக்கிறான்.
"பெயர்" என்கிறாள் மார்லிஸ்.
அதற்குமேல் விளக்குவதில்லை.
அவளுடைய வங்கி அட்டையில் இன்னும்
மேற்கே போன ஒருவனின் குடும்பப்பெயர்.

எனக்குக் கேட்கும் சொல் வேறு.
இருபத்திரண்டு வருஷமாய் அடக்கிவைத்திருக்கிறேன்,
கன்னத்தில் கரையாத மிட்டாய்போல்.

நான்கு பெட்டி தள்ளி, பச்சைக் கதவுக்குப் பின்னால்
ரூபன் ஆஹோ தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறான்.
அந்தச் சிம்பலை அடித்த கை.
ஆறு குளிர்காலமாய்த் தெரியும்.
தலையாட்டுவோம், அவனும் ஆட்டுவான்.
கேட்டுவிட்டால் பிப்ரவரி முழுக்க
என்ன பேசுவது?

இன்று, ஆகர் மழுங்கிவிட்டது என்று
ஒரு பொய்யோடு மார்லிஸ் எழுந்து போனாள்.
கால்மணி நேரம்.
பிறகு பனியில் இரண்டு ஜோடி பூட்ஸ் நொறுங்கும் சத்தம்.
ரூபன் குனிந்து நுழைந்தான், கையில் ஆகர்,
மீசையெல்லாம் உறைபனி.

"அதுவா? அங்கே ஒரு அடி முந்திவிட்டேன்.
தப்புதான்.
ஸ்டூடியோ மணிக்கு நாற்பது டாலர்.
இன்னொரு தடவை பாடக் காசில்லை."

சரி, சொல்?

"எனக்கெப்படித் தெரியும்?
நான்தானே அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தேன்."

ஓர்வின் தொப்பியைக் கழற்றினான்,
மறுபடி போட்டுக்கொண்டான்.
மேடையில் கேட்டிருக்குமே, என்றான்,
கடன் வசூலிப்பவன் குரலில்.

"அடுத்த கச்சேரியில் ஒழுங்காய் அடித்தேன்.
பாட்டு முடிந்ததும் கோரின் திரும்பி முறைத்தாள்.
நாளையிலிருந்து முந்திக்கொள் என்றாள்.
கடைசிவரை முந்திக்கொண்டே இருந்தேன்."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
கையை ஹீட்டரிடம் நீட்டினான்.
"உங்களுக்கெல்லாம் என்ன கேட்கிறது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இத்தனை வருஷம் கத்தியவர்கள்.

டெல்பர்ட் நாடாவைப் பின்னுக்கு ஓட்டினான்.
துளைக்குள் நூல் ஒருமுறை வெட்டி இழுத்தது,
யாரும் குனியவில்லை.
பாலம் மேலே போயிற்று, கப்பல் நுழைந்தது,
கோரின் மூச்சை இழுத்தாள்.
ரூபனின் உள்ளங்கை முழங்காலில் விழுந்தது,
ஒரு அடி முந்தி.