விதி 4 (இ)

சங்கத்தின் கடிதம் மலாயில் வந்தது.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
கையுறை ஆலையின் மாவு இன்னும் புருவத்தில் இருக்க
நின்றபடியே படித்தேன்.
இளையோர் பிரிவு ஹைட்ரோப்ளேன்களுக்கு
இனிக் கூர் மூக்கு ஆகாதாம்.
டென்னிஸ் பந்தின் வளைவாவது வேண்டும்,
அதன்மேல் இரண்டு விரல் தடிமனுக்கு நுரை.
அடித்தகட்டின் முன்விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும்.
இன்ஜினை நிறுத்தும் கயிறு
மணிக்கட்டில் அல்ல, மிதவைச் சட்டையில்.

‘சென்ற பருவத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தைத் தொடர்ந்து’
என்று தொடங்குகிறது நான்காம் விதி, இ.
பெயர் போடவில்லை.
பெயர், பள்ளிச் சீருடையில்,
என் அடுப்படியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தது.

*

பலகைகள் பெஸ்தாரி ஜெயா என்கின்றன.
பஸ்காரர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே கத்துகிறார்.
ஈயம் எடுத்த குட்டைகள், சுற்றிலும் செம்பனை.
அதில் ஒரு குட்டையில்தான்
இரண்டாம் மிதவையைத் திரும்புகையில்
முழந்தாளிட்டிருந்த துவாரகா
முன்னே போனவன் குப்புறப் புரண்டதைக் கண்டாள்.
த்ராட்டிலை விட்டாள்.
விட்டாள்தான். கரையில் எல்லாரும் பார்த்தோம்.
படகு விடவில்லை.

*

சனிக்கிழமை. காடியை வெளியே தள்ளிவிட்டு
மீன்கொத்தியை இரண்டு நாற்காலிமேல் கவிழ்த்தோம்.
எபோக்சி, பைபர் துணி, உப்புத்தாள்:
ஆ செங் கடையில் அறுபத்தெட்டு வெள்ளி,
அவர் கணக்கில் எழுதிக்கொண்டார்.
அலகுக்கு அவளே தீட்டிய சிவப்பு.
அதன் குறுக்கே அவளே பென்சில் கோடு போட்டாள்.
“மூக்கறுப்புன்னா அவமானம்னு
டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க,” என்றாள்.
இது அதில்லை என்று சொல்லியிருக்கலாம்.
ரம்பத்தை நீட்டினேன்.

பலகை அவ்வளவு லேசாக அறுபடும் என்று
எனக்குத் தெரியாது.
அதுதான் அவன் விலாவில் இரண்டு எலும்பை முறித்தது.

அடித்தகட்டை அரத்தால் ராவி ராவி
அவள் நகக்கண் கறுத்தது.
நுரையை ஒட்டி, கயிற்றால் இறுக்கி,
காயும்வரை மூன்று அரிசி மூட்டை சாய்த்து வைத்தோம்.

எடை பார்க்க, உதிரிப் பழம் நிறுக்கும் தராசைச்
சன்னாசி லோரியில் ஏற்றிவந்தார்.
இரண்டு கிலோ கூடியிருந்தது.
எல்லாம் முன்பக்கம்.
இப்படியே போனால் மூக்கு தண்ணீரைக் குத்தும்.
பெட்ரோல் டாங்கை ஒரு சாண் பின்னுக்கு நகர்த்தினோம்,
பழைய ஆணித் துளைகளை மெழுகி அடைத்தோம்.
தராசின் செம்பனை எண்ணெய்
படகின் வயிற்றில் ஆரஞ்சாய் ஒட்டிக்கொண்டது.
எவ்வளவு சோப்பு போட்டும் போகவில்லை.

*

ஐந்து மணிக்கு ஹஃபிஸ் வந்தான்.
யாரும் கூப்பிடவில்லை.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
படகை ஒரு சுற்று சுற்றி வந்தான்,
காடி வாங்க வந்தவன் மாதிரி.
துவாரகா உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்,
தேய்க்க ஒன்றுமில்லாத இடத்தில்.

அவன் டி-ஷர்ட்டைத் தூக்கினான்.
ஏழு தையல், இன்னும் ஊதா.
முன்னால் வந்து, புது மூக்கில் விலாவை வைத்து
மெல்லச் சாய்ந்தான்.
பிறகு கொஞ்சம் அழுத்தமாக.

நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போனேன்.
ஜன்னல் வழியே கேட்டது:
“கூசுது.”
வேறொன்றும் சொல்லவில்லை அவன்.
கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும்
அடுத்த வாரம் காற்று எப்படி இருக்கும் என்பதில்
சண்டை போட்டார்கள்.

*

படிவத்தில் ஒரு கட்டம்:
மாற்றத்துக்கான காரணம்.
4 (இ) என்று எழுதினாள். அழித்தாள்.
காகிதம் அந்த இடத்தில் நைந்துபோனது.
மேலே என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.
காப்பாளர் என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.
எட்டு மணிக்கு ஷிப்ட்.
பஸ்ஸில் பக்கத்து இருக்கை மலர்க்கொடி
என் தலையிலிருந்து வெள்ளையாய் எதையோ எடுத்து
“மாவா?” என்றாள்.
நுரை என்றேன்.