என் முறை

அட்லஸ் மலை நடுங்கிய அந்த இரவில்
பாஸூ வந்தான்.
ஆறு வருடமாய் முகம் கொடுக்காதவன்,
வாய்க்கால் தகராறில்
என் மண்வெட்டியை முறித்தவன்.

விடியும்வரை கையாலேயே தோண்டினான்.
என் தூதாவின் பின்னல் முதலில் தெரிந்தது,
பிறகு இருமல்.
"தண்ணி கொடு அவளுக்கு" என்றான். அவ்வளவுதான்.

கூடாரங்களுக்கெல்லாம் இப்போது ஒரே அடுப்பு.
ரொட்டிக் கணக்கை ஹம்மு தப்பாகவே சொல்கிறான்,
செத்தவர்களையும் சேர்த்து.
யாரும் திருத்துவதில்லை.
மிஞ்சியதை, போர்வை ஏற்றிவரும்
கோவேறு கழுதைக்காரர்கள் தின்கிறார்கள்.

நன்றி சொல்லப் போனேன்.
கூடாரக் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தான்,
ஏற்கெனவே இறுகிய கயிற்றை.

இன்று வியாழன். என் முறை.
மடையை அவன் பக்கம் திறந்துவிட்டேன்.
பாதாம் மரங்களுக்குள் தண்ணீர் நுழையும் சத்தம்.
அங்கிருந்து ஒரு குரல்:
"போதும் இஸ்ஸா,
உன் வெங்காயம் காயுது."