பக்கம் நாற்பத்தொன்று

நீல ரத்தம் என்ற இரண்டு சொல் போதும்,
மிச்சப் புத்தகம் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் என்றார்
பதிப்பாளர்.
தப்பில்லை. அப்படித்தான் எழுதிக்கொண்டது.

டாக்டர் குவெக் சியூ லான்
மண்டாய் சேற்றுக்கரையில் பத்தொன்பது ஆண்டுகள்
குதிரைலாட நண்டுகளை எண்ணியவர்.
அது நண்டே இல்லை, சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம்;
அட்டையில் சிலந்தி விற்காது என்று
இரண்டாம் பதிப்புக்கு ஒத்திவைத்தோம்.

அவர் விட்டுப்போன குறிப்பேடுகள் பதினேழு.
முதல் ஏட்டைத் திறக்கையில் எனக்குக் கை நடுங்கியது.
உள்ளே:
பெண். ஓடு பதினாறு சென்டிமீட்டர். வலையில் சிக்கியது, விடுவித்தேன்.
ஆண். ஓடு ஒன்பதரை. இடக்கண் சேதம்.
இன்று ஒன்றும் இல்லை.
இன்று ஒன்றும் இல்லை.
பூட்ஸ் ஓட்டை, புதிதுக்கு மனுப் போட வேண்டும்.
இன்று ஒன்றும் இல்லை.

இதில் எங்கே அத்தியாயம் பிரிப்பது?

உதவியாளராய் இருந்த லூர்துராஜைத் தேடிப் பிடித்தேன்.
இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார்.
கிராஞ்சியில் ஒரு காப்பிக்கடை,
கோப்பி-ஓ ஆறும்வரை கேட்டேன்.
காதல் ஏதாவது?
தெரியாது சார்.
பகை? இவர் கண்டுபிடிப்பை யாரோ வெளிநாட்டான்...
கூடத்துச் சாவிய ஒருத்தர் எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரல.
சரி, திடீரென்று ஒருநாள், மின்னல் மாதிரி?
நெடுநேரம் யோசித்தார்.
மின்னல் வந்தா வேலைய நிறுத்திடுவோம் சார்.
வெட்டவெளி இல்லியா.

ஆகவே மின்னலை நானே போட்டேன்.
தேசிய தினம், இரவு எட்டேகால்,
தெற்கே வாணவேடிக்கை,
முழங்கால் சேற்றில் ஒற்றையாய் ஒரு பெண்,
உள்ளங்கையில் ஒரு துளி நீலம்.
அழுதார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

என்ன தெரிந்தது என்று நான் எழுதவில்லை.
இன்றுவரை யாரும் கேட்கவுமில்லை.
கரையில் காத்திருந்த ஒருவனையும் நிறுத்திவைத்தேன்,
வழக்கு வராதபடி, பெயரில்லாமல்.

அங் மோ கியோ நூலகத்தில் வெளியீடு.
அந்தப் பக்கத்தை வாசித்தேன்.
அழுதார் என்ற இடத்தில் என் குரல் உடைந்தது.
அது ஒத்திகையில் இல்லை.
சத்தியமாய் ஒரு கணம்
நானும் அந்தச் சேற்றில் நின்றிருந்தேன்.

கையெழுத்துக்கான வரிசையில் லூர்துராஜ்.
காசு கொடுத்து வாங்கியிருந்தார்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பார்க்கிங் சீட்டு செருகியிருந்தது.
சார், இங்க ஒரு தப்பு.

தொண்டை வறண்டது எனக்கு.
கற்பனைச் சுதந்திரம், பாமர வாசகன்,
அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்ப்பது
என்று அடுக்கிவைத்திருந்த பதில்களை
நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தேன்.

அன்னிக்கு எட்டேகாலுக்கு ஓதம் ஏறி உச்சத்துல இருக்கும்.
நீங்க எழுதின இடத்துல நின்னா
மேடம் தலைக்கு மேல தண்ணி.
வத்துறது பின்னிரவு ரெண்டேகாலுக்கு.

அவ்வளவுதான்.
கண்ணீரைப் பற்றியோ
கரையில் நின்றவனைப் பற்றியோ
ஒரு சொல் இல்லை.

நேரத்த மட்டும் மாத்திடுங்க சார்.
படிச்சுட்டு யாராவது
புள்ளைங்களக் கூட்டிட்டு அந்த நேரத்துக்குப் போய் நின்னா?

பேனாவால் அடித்துத் திருத்தினேன்.
மை காயட்டும் என்று இரண்டு முறை ஊதினார்,
மூடினார், போய்விட்டார்.
இரண்டேகாலுக்கு ஏது வாணவேடிக்கை?

அதற்குள் அடுத்தவர் புத்தகத்தை விரித்து நீட்டினார்.
முதல் பக்கம் வேண்டாம்,
அவர் அழுகிறாரே, அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

போட்டேன்.
எட்டேகாலுக்குச் சற்றுக் கீழே,
தண்ணீர் எட்டாத இடம் பார்த்து.