நாற்பத்தொன்றாம் நாள்

கரகாண்டாவில் டிசம்பர்.
பால்கனிதான் எங்கள் குளிர்பெட்டி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு பாகையில்
என் பங்குக் குதிரைத்தொடை
துணிக்கொடியில் தொங்குகிறது.

அண்ணன் தொலேகென் அனுப்பியது.
ஆண்டுக்கொரு குதிரை, நான்கு வீடு.
கழுத்து யாருக்கு, விலா யாருக்கு என்பதில்
எங்கள் உறவுமுறை முழுவதும் எழுதியிருக்கிறது.
செப்டம்பரிலிருந்து நான் இறைச்சி தொடவில்லை என்பது மட்டும்
அதில் எங்கும் இல்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு
மூன்று பதில் வைத்திருக்கிறேன்.
டாக்டர் சொன்னார் என்பது அண்ணிக்கு.
விலை ஏறிவிட்டது என்பது சுரங்கத்து ஆட்களுக்கு.
மூன்றாவதைச் சொல்லும் அளவுக்கு
எவரோடும் பேச்சு நீண்டதில்லை.

முதல் மாதம் ரொட்டி, தேநீர், உருளைக்கிழங்கு.
இரண்டாம் மாதம் உருளைக்கிழங்கு, தேநீர், ரொட்டி.
(தேநீரில் பால் உண்டு. அதையும் விடச் சொன்னால்
நான் கஸாக்கே இல்லை.)
கிரேன் அறைக்கு ஏறும் நூற்றுப் பதினான்கு படிகளில்
எழுபதாவதில் கண் இருட்டியது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கொள்கை வயிற்றை நிரப்பாது.
யாராவது எதையாவது
அடுப்பில் ஏற்றியாக வேண்டும்.

அன்று மதியம் வெல்டர் மிகோலா
தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினான்.
வறுத்து வேகவைத்த பக்வீட்,
உப்பிலிட்ட காளான்,
மேலே பச்சையாகச் சூரியகாந்தி எண்ணெய்.
"கிறிஸ்துமஸ் வரைக்கும் நோன்பு" என்றான்.
"நாற்பது நாளுக்கு எனக்குச் சமைக்கத் தெரியும்.
நாற்பத்தொன்றாம் நாள் என்ன செய்வதென்று
நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்."

ஐந்தாம் மாடி வேரா ஹெகாய்
சந்தையில் காரட் விற்கிறாள்,
நூல் நூலாகச் சீவி, வினிகர் தெளித்து,
மிளகாயும் தனியாவும் போட்டு
எண்ணெயைப் புகையப் புகையக் கொட்டி.
அவள் மக்களைக் கடலோரத்திலிருந்து
சரக்கு ரயிலில் ஏற்றி இந்தப் புல்வெளியில் இறக்கியபோது
அவர்கள் தேடிய முட்டைக்கோஸ் இங்கே இல்லை.
காரட் இருந்தது.
இல்லாததைப் பற்றி வேரா அதிகம் பேசமாட்டாள்.

என் குதிரைத்தொடையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.
மூன்று பையன்கள், வளர்கிற வயது.
பதிலுக்கு வாரம் இரண்டு கட்டி டோஃபு,
ஒரு ஜாடி காரட்.
நான் தின்னாததை அவள் பிள்ளைகள் தின்றால்
குதிரைக்கு என்ன லாபம் என்று
இரவெல்லாம் புரண்டு படுத்தேன்.
விடை கிடைக்கவில்லை.
டோஃபு நன்றாக இருந்தது.

ஜனவரியில் அண்ணன் வீட்டில் தொட்டில் விருந்து.
மாவுத் தகடுகளின் மேல் இறைச்சி மலையாக வந்தது.
தட்டைச் சுற்றிப் பன்னிரண்டு பேர்.
பதினொரு கைகள் தட்டில்,
என் கை மடியில்.
"ராவ்ஷான் ஆட்டைத் தின்பதில்லை,
ஆடு தின்பதைத் தின்கிறாள்!"
சிரிப்பு தட்டைச் சுற்றி வந்து
என்னிடம் வந்ததும் நின்றுவிட்டது.

அண்ணன் எழுந்து போனான்.
கதவு அடிபட்ட சத்தத்தில்
கோபம் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தவன் கையில் சின்னத் தட்டு.
ஆவியில் வெந்த பூசணிக் கொழுக்கட்டை, ஒன்பது.
ஒன்றின் மடிப்பு இன்னொன்றைப் போல இல்லை.
குதிரையின் மூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற விரல்கள்
மாவிடம் தோற்றிருந்தன.

குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்:
"வால்கொழுப்பு சேர்க்கவில்லை. வெறும் எண்ணெய்தான்."
போகப் போனவன் நின்றான்.
"வெங்காயம் சாப்பிடுவாயா?
கேட்காமல் போட்டுவிட்டேன்."

மூன்றாவது பதில் தொண்டைவரை வந்தது.
வாய் நிறையப் பூசணி.
தலையை மட்டும் ஆட்டினேன்.