விழித்த நேரம்

ஐந்து குழாய்கள். நீல மூடி.
உள்ளே ஆளுக்கொரு பஞ்சுச்சுருள்,
பொம்மைக்கு வைத்த தலையணை மாதிரி.
இரண்டு நிமிடம் மெல்லுங்கள், விழுங்காதீர்கள்
என்றாள் ஃப்ரௌக்யா,
க்ரோனிங்கனிலிருந்து மழைக்கோட்டோடு வந்த செவிலி.
பல் தேய்க்கும் முன். காபிக்கு முன்.
யாரோடும் சண்டை பிடிக்கும் முன்.
கடைசியாகச் சொன்னது அச்சில் இல்லை.
இந்த வீட்டில் சண்டைக்கு ஆளில்லை என்று
நானும் சொல்லவில்லை.

கார்டிசால் என்று ஒரு சுரப்பு.
கண் திறந்த அரைமணியில் உச்சிக்கு ஏறும்,
பகலெல்லாம் படிப்படியாய் இறங்கும்,
படுக்கும்போது தரை தொடும்.
எனக்கா புரியாது?
இருபத்தாறு வருடம் கால்வாய்ப் பாலம் தூக்கினேன்.
படகு வந்தால் ஏற்று, போனால் இறக்கு.
இறக்க மறந்தால்
பால் லாரி நிற்கும், சவ வண்டி நிற்கும்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிள் மணியால் திட்டும்.
ஏழு மாதமாக வேறொருவன் தூக்குகிறான்.

உங்களைப் போன்றவர்களில் சிலருக்கு
ராத்திரியிலும் அது இறங்குவதில்லை.
சிலருக்குக் காலையிலேயே ஏறுவதில்லை.
சிலருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது,
அப்படியும் எழ முடிவதில்லை.
அதற்குத்தான் இந்த எச்சில், என்றாள்.
என்னைப் போன்றவர்களை
ஜன்னலுக்கு வெளியே தேடினேன்.
வயல், வாய்க்கால், வயல்.
கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு மேடு கிடையாது.

மறுநாள், படிவத்தின் முதல் கட்டம்:
விழித்த நேரம்.

இரண்டு நாற்பதுக்கு விழித்தேன்.
அதற்கு முன் தூங்கினேனா தெரியாது.
மூன்று. நான்கு.
படகே இல்லாத தண்ணீருக்கு மேல்
பாலம் செங்குத்தாக நிற்கிறது,
உள்ளே எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது.
பாதம் தரையில் பட்டபோது
பதினொன்று இருபது.
இதில் எதை எழுத?
கட்டத்தில் ஓர் எண்ணுக்குத்தான் இடம்.

பஞ்சை வாயில் வைத்தேன்.
மாத்திரை நாக்கை உலர்த்தியிருந்தது.
எலுமிச்சையைக் கடிக்கக் கூடாதாம், நினைக்கலாமாம்.
நினைத்தேன்.
மஞ்சள்கூட வரவில்லை.

ஒரு நிமிடம் கழிந்திருக்கும்.
கேட்காமலேயே வந்தான் அண்ணன் சிப்கே,
ஜூன் மாதச் சந்தையில்,
ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி
அண்ணாந்து விட்டுக்கொள்கிறான்,
தாடையில் வெங்காயத் துணுக்கு,
கடைக்காரி துடைத்துக்கொள்ளச் சொல்லிச் சிரிக்கிறாள்.

எச்சில் ஊறியது.
ஏழு மாதத்தில் முதல் தடவையாக
எதற்கோ ஊறியது,
அதையும் குழாயில் துப்பி
மூடியை அழுத்தித் திருகி
கடுகுப் புட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே
குளிர்பெட்டியில் நிறுத்தினேன்.

விழித்த நேரத்தில் இரண்டு எண்களையும் எழுதினேன்,
இரண்டாவது கோட்டைத் தாண்டி வழிந்தது.
அதற்குக் கீழே கேட்டிருந்தார்கள்:
முன்னதாக ஏதேனும் சாப்பிட்டீர்களா?

இல்லை.
ஹெர்ரிங் மீனை நினைத்தேன்.
பதினொன்று இருபத்தாறு.