செவ்வாய்ப்பேட்டை மாதிரி

காலை ஏழரைக்கு இன்குபேட்டரைத் திறந்தால்
ராத்திரி முழுக்க வளர்ந்தவற்றின் வாசனைதான் முதலில்.
கொஞ்சம் புளித்த மாவு, கொஞ்சம் ஈரச் சாக்கு.
தட்டு இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
மாதேசு, வயது நாற்பத்தொன்று,
தீக்காய வார்டு, வலது முன்கை.
தொழில்: கொலுசுப் பட்டறை.

மூக்குத்தி அளவில் ஆறு மருந்து வில்லைகள்
நேற்று வைத்தேன்.
மருந்து எடுபட்டால் வில்லையைச் சுற்றி
வெறுமையாக ஒரு வட்டம் விழும்.
அதை ஸ்கேலால் அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இன்றைக்கு ஸ்கேலை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.
ஆறின் விளிம்பிலும் வந்து அப்பி நிற்கிறது கிளெப்சியெல்லா,
ஐந்து ரோட்டில் பஸ் படியை மொய்க்கிற கூட்டமாக.

உருக்கிய வெள்ளி கையில் சரிந்ததும்
கழுவுத் தொட்டியில் முக்கிவிட்டான் கையை.
வருஷக்கணக்காக வெள்ளி கரைந்த தண்ணீர் அது.
வார்டில் பூசுவதும் வெள்ளிக் களிம்பு.
"எங்க சரக்கையே எனக்குத் தடவுறீங்க" என்று சிரித்தான்
மூன்றாம் நாள்.
ஆறாம் நாள் சிரிக்கவில்லை.

அந்தத் தொட்டியில் குடியிருக்க வேண்டுமென்றால்
உள்ளே வந்த வெள்ளியை
வந்த வேகத்தில் துப்பத் தெரிந்திருக்க வேண்டும்.
அந்த வித்தை ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது.
அதே வளையத்தில், அடுத்த கதவிலக்கத்தில்,
மெரோபெனத்தை வெட்டிப்போடும் வித்தை.
ஒன்றை எடுத்தால் மற்றது இலவசம்,
ஆடித் தள்ளுபடி.

வளையம் கைமாறும்.
பெற்ற பிள்ளைக்குப் போகும்;
சாக்கடையில் உரசிப் போகிற
யாரோ வேற்றினத்துக்கும் போகும்.
ஒரு இழை நீளும், கொக்கி போடும், நகல் கடந்துவிடும்.
பத்திரப் பதிவு கிடையாது.
சாதி கேட்கிற வழக்கமும் அங்கே இல்லை.

வார்டின் கழிவு, கோழிப்பண்ணை கழுவிய நீர்,
இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும்
மாத்திரையை நிறுத்தியவர்களின் மூத்திரம்
எல்லாம் திருமணிமுத்தாற்றில் சேரும் இடத்துக்கு
மாதம் ஒருமுறை பாட்டிலோடு போகிறேன்.

டாக்டர் வஹீதா சொல்வார்:
சாகடிக்காத அளவில் மருந்து பட்டால் பதறுகின்றன,
பதற்றத்தில்தான் அப்படிக் கை நீட்டுகின்றன.
எனக்கு ஒரு சந்தேகம்.
கை எப்போதும் நீண்டுதான் இருந்திருக்கும்.
மருந்து வந்து
வாங்காதவற்றைக் கொன்றுபோட,
நிற்கிறவற்றை எண்ணிப் பார்த்துக்
கொடுக்கல் வாங்கல் பெருகிவிட்டது என்கிறோமோ?
போன வருஷம் முழுக்கக் குடுவை வைத்துப் பார்த்தோம்.
ஒரு மருந்தில் அவர் ஜெயித்தார்,
மூன்றில் நான்.
ஐந்தாவதில் கரண்ட் போய்விட்டது.

மருந்தே தீண்டாத தண்ணீர் வேண்டுமென்று
ஏற்காட்டுக்கு பஸ் ஏறினோம் ஒருநாள்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
பதினொன்றாவதில் நான் வாந்தி.
காப்பித் தோட்டத்துக்கு மேலே ஒரு ஊற்று,
பல் கூசுகிற குளிர்.
அதிலும் இருந்தது வளையம்.
கொஞ்சமே கொஞ்சம், அவசரமில்லாமல்.
மண்ணுக்குள் பூஞ்சைக்கும் இவற்றுக்கும் உள்ள வழக்கு
நாம் பிறக்கும் முன்பே வாய்தா வாங்கியது.
நாம் செய்ததெல்லாம்
மலையிலிருந்த பொறியைக் கீழே
டன் கணக்கில் விறகடுக்கி வரவேற்றதுதான்.

படிவத்தில் ஆறு முறை எழுதினேன்: எதிர்ப்பு.
ஜன்னலில் மாதேசின் மனைவி ருக்கு.
"எடுபடலியா? இதவிட பெரிய மருந்து இருக்குதுங்களா?"
பதில் சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லை.
டாக்டரைக் கேளுங்க என்றேன்.
அவள் போகவில்லை.
என் காலைப் பார்த்தாள்,
"செவ்வாய்ப்பேட்டை உருப்படிதான்" என்றாள்,
எடையைக்கூடச் சரியாகச் சொன்னாள்.

ஏழாவது மருந்து ஒன்று இருக்கிறது.
அதற்கு வில்லை செல்லாது, குழாயில் பார்க்க வேண்டும்.
வரிசையாகப் பாதிப் பாதியாக நீர்த்து
அடுக்கினேன்.
நாளைக் காலை தெரியும்,
பதினெட்டு மணி நேரம்.
அவற்றுக்கு இருபது நிமிஷம் ஒரு தலைமுறை.
கணக்குப் போடாமல்
கதவைச் சாத்தினேன்.